நினைவகம் கூட்டியபின் வன்தட்டு பழுதாவது ஏன்?

ஹெந்தளையில் வாடகை வீடொன்றில் இருக்கும் ஒரு குடும்பத்தின் மடிக்கணனி பற்றி இம்முறை பார்ப்போம். வன்னியில் வயல் செய்தவர்கள். 2008 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்து திரிந்தபோது காணி உறுதியையும் வயல் அனுமதிப்பத்திரத்தையும் பொலித்தீன் பையிற் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார்கள். மடித்த இடமெல்லாம் கடதாசி கிழிந்துபோனதால், பின்னர் அவற்றைப் படமெடுத்து மகனின் லப்டொப்பிற் சேமித்து வைத்தார்கள்.

லப்டொப் மெதுவாக ஓடுகிறதென்று ஒரு கடையிற் கொடுத்து, இருந்த 4 கிகாபைட் நினைவகத்தோடு 8 கிகாபைட் துண்டொன்றைச் சேர்த்தார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் நீலத்திரை வந்தது. பிறகு விண்டோஸ் தொடங்கவே மறுத்தது. இன்னொரு கடைக்காரர், “ஹாட் டிஸ்க் செத்துப்போச்சு, புதுசு போடவேணும், உள்ளுக்க இருக்கிறது வராது” என்று சொல்லிவிட்டார். உண்மையில் தட்டு சாகவில்லை.

இதை விளங்கிக்கொள்ள வயற்காரருக்கு அதிக நேரம் தேவையில்லை. நினைவகம், அதாவது றாம், சூடடிக்கும் களம் போன்றது. வன்தட்டு கொம்பறை. சுழலும் தட்டாயினும் எஸ்.எஸ்.டி. ஆயினும் வேலை ஒன்றுதான். கொம்பறைக்குப் போகும் நெல் முழுவதும் களத்தின் வழியாகவே போகிறது. களத்திற் கல் கலந்தால் கொம்பறையிலும் கல் இருக்கும். அதற்காகக் கொம்பறையை இடித்து என்ன பயன்? 8 கிகாபைட் நினைவகத்தில் 6,800 கோடிக்கு மேற்பட்ட சிறு கலங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று ‘ஆம்’ என்பதை ‘இல்லை’ என்று மாற்றினாலும், அந்தப் பிழையே தட்டில் எழுதப்படும். எழுதப்படுவது விண்டோஸின் சொந்தக் கோப்பாக இருந்தால் கணனி தொடங்காது. பழி தட்டின்மேல் விழும்.

இது அருமையாக நடப்பதல்ல. கூகிள் நிறுவனத்தின் பெருங்கணனிகளை ஆராய்ந்து 2009 இல் வெளியான கட்டுரையொன்றின்படி, ஓராண்டுக்குள் 8 வீதத்துக்கு மேற்பட்ட நினைவகத் துண்டுகளிற் பிழை காணப்பட்டது. அவையாவது சிறு பிழைகளைத் தாமே திருத்திக்கொள்பவை. நமது மடிக்கணனிகளிற் பெரும்பாலும் அந்த வசதி இல்லை.

ஆகவே இப்படி நேர்ந்தால் முதலில் கணனியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ‘போமற்’ செய்யவும் விண்டோஸைப் புதிதாகப் பதியவும் எவரையும் விடாதீர்கள். செக்டிஸ்க் என்னும் தட்டுத் திருத்தும் கட்டளையையும் இப்போது கொடுக்கக் கூடாது. இதைப் பலர் அறியார். பழுதான நினைவகத்தோடு அந்தத் திருத்தம் நடந்தால், நல்ல கோப்பையும் பிழையென்று எண்ணி அது மாற்றிவிடக்கூடும்.

மின்வடத்தைக் கழற்றுங்கள். பற்றரி வெளியே எடுக்கக்கூடியதாயின் எடுங்கள்; உள்ளே இருப்பதாயின் அதன் இணைப்பைக் கழற்ற வேண்டும். மின்விசையைப் பத்துப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ஓர் உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு, புதிய துண்டைக் கழற்றிப் பழையதை மட்டும் பொருத்துங்கள். இரு பக்கக் கொக்கியும் ‘கிளிக்’ என்று பூட்டவேண்டும். கடலும் முத்துராஜவெல சதுப்பும் அண்மையில் இருக்கும் ஹெந்தளை போன்ற இடத்திற் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். பொன்னிறப் பற்களில் அழுக்கிருந்தால் மென்மையான உலர்ந்த துணியால் துடையுங்கள்.

இப்போது கணனி தொடங்கினால் வேறெதுவும் செய்யுமுன் பத்திரங்களைப் பென் டிரைவிற் கொப்பி எடுங்கள். எடுத்த ஒவ்வொன்றையும் திறந்து, கடைசி வரி வரை தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் தொடங்காவிட்டாலும், தட்டைக் கழற்றி வேறொரு கணனியில் இணைத்து எடுக்கலாம். பழுதான நினைவகத்தோடு எடுக்கும் கொப்பியை மட்டும் நம்பவேண்டாம்.

அதன்பின் புதிய துண்டைத் தனியே சோதிக்கலாம். விண்டோஸிலேயே ‘மெமறி டயக்னொஸ்ரிக்’ என்ற சோதனை உண்டு. பென் டிரைவிலிருந்து ஓடும் ‘மெம்டெஸ்ற்86’ இன்னும் கடுமையானது. இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் துண்டை அப்படியே விடக்கூடாது. அதை மற்றப் பொருத்தியிலும் போட்டுப் பாருங்கள். அங்கும் பிழையென்றால் துண்டு பழுது. அங்கே சரியென்றால் முதற் பொருத்தியைச் சந்தேகிக்கலாம்.

தனித்தனியே நல்லவை சேர்ந்தால் ஒத்துப்போகாததும் உண்டு. டி.டி.ஆர்.3 வகை 1.5 வோல்ற்றிலும், டி.டி.ஆர்.3எல் வகை 1.35 வோல்ற்றிலும் இயங்குவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, பொருத்தியிலும் அமரும். ஆனால் 1.35 வோல்ற் மட்டுமே கொடுக்கும் மடிக்கணனியில் முதல் வகை தடுமாறும். கடைக்குப் போகுமுன் பழைய துண்டின் சீட்டில் இருப்பதை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள்.

பழைய துண்டோடும் நீலத்திரை வந்தால்தான் தட்டுப் பக்கம் திரும்பவேண்டும். மூடியைத் திறந்தவர் தட்டின் வடத்தை அசைத்திருக்கலாம். ‘கிறிஸ்ரல் டிஸ்க் இன்போ’ என்ற இலவசச் செயலி தட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் குறிப்பைக் காட்டும். சாற்றா வகைத் தட்டில் சி7 என்ற வரியின் எண் நாளுக்கு நாள் கூடினால் பெரும்பாலும் வடத்தில் அல்லது இணைப்பிற் குறை. 05, சி5 என்பவை கூடினால் தட்டே தேய்கிறது. சுழலும் தட்டு ‘டிக் டிக்’ என்று ஒலித்தால் உடனே நிறுத்தி, தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

இன்னுமொன்று. 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதல், ‘ஷட்டவுன்’ கொடுத்தாலும் கணனி முழுதாக அணைவதில்லை. தன் நிலையின் ஒரு பகுதியைத் தட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். நினைவகம் மாற்றுமுன் ஷிப்ற் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

ஹெந்தளைக் குடும்பத்தின் புதிய துண்டு சோதனையிற் பிழை காட்டியது. பற்றுச்சீட்டு கையில் இருந்ததால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். பழைய படங்கள் யாவும் நலமாக இருந்தன. அந்த மூன்று நாளுக்குள் புதிதாகச் சேமித்த ஓர் உறுதியின் படம் மட்டும் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகத் திறந்தது. மூலப்பிரதியின் அந்தப் பகுதியோ முன்னமே கரைந்துபோயிருந்தது. பதிவுசெய்த உறுதிக்குக் காணிப் பதிவகத்திற் சான்றுப்படுத்திய பிரதி பெறலாம். அனுமதிப்பத்திரமென்றால் பிரதேச செயலகத்தில் விசாரிக்கவேண்டும். உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது இலகு. அவை மூன்றும் அம்மாவின் பழைய சீட்டுக் கணக்குக் கொப்பியின் பின்னட்டையில் எழுதப்பட்டிருந்தன.