கழுத்தில் நரம்புக் கட்டி: ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 45. கழுத்தின் இடப்பக்கம் 3 செ.மீ. அளவில் கட்டி. ஸ்கேன் பார்த்த டாக்டர் ‘ஷ்வானோமா’ என்கிறார். ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பதற்றம் வேண்டாம். ஷ்வானோமா நரம்பின் உறைச் செல்களில் முளைக்கும் கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மெதுவாகவே வளரும். தொந்தரவு இல்லையென்றால், அவ்வப்போது எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணித்தாலே பலருக்குப் போதும். வளர்ந்துகொண்டே போனாலோ, வலித்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ அகற்றலாம்.

எந்த நரம்பில் கட்டி என்பதே முக்கியம். வேகஸ் நரம்பென்றால், கட்டியை அழுத்தும்போது சிலருக்கு இருமல் வரும். அந்த நரம்பு பாதிக்கப்பட்டால் குரல் கம்மும். தண்ணீர் குடித்தால் புரையேறும். பரிவு நரம்பென்றால் அந்தப் பக்கத்து இமை சற்றுத் தொங்கும், கண்மணி சுருங்கும். கைக்குச் செல்லும் நரம்பென்றால் கை பலவீனமாகலாம்.

ஆபரேஷனில் இந்தப் பாதிப்புகளைக் குறைக்கத்தான், நரம்பை வெட்டாமல் உறையை நீளவாக்கில் கீறி, பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுப்பதுபோலக் கட்டியை மட்டும் பெயர்த்தெடுக்கிறார்கள். நரம்பின் இயக்கத்தைக் காட்டும் கருவியும் உதவுகிறது. அப்படியும் குரல் கம்மலாம். பலருக்குச் சில மாதங்களில் தேறும், சிலருக்கு நீடிக்கும். அவர்களுக்குக் குரல் பயிற்சி கைகொடுக்கும்.

“எந்த நரம்பு? உறையை விட்டுவைத்து எடுக்க முடியுமா?” இரண்டையும் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.