அங்கன்வாடி நமக்கும் உண்டா?

கேள்வி: சிறிய ஊருக்கு மாற்றலாகி வந்திருக்கிறோம். மகனுக்கு இரண்டரை வயது. சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை பேசுவதில்லை. "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்கிறார் மாமியார். அங்கன்வாடியில் சேர்க்கலாமா? அது வசதி இல்லாதவர்களுக்குத்தானே?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய திட்டம் அது. வருமானச் சான்றிதழ் எதுவும் கேட்க மாட்டார்கள். மதியச் சாப்பாடு, பாட்டு, விளையாட்டு, எடையும் உயரமும் பார்த்துக் குறித்து வைப்பது எல்லாம் உண்டு. எல்லா மையமும் ஒன்றுபோல் இருக்காது. ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள், கழிப்பறை உட்பட.

ஆனால் பேச்சு விஷயத்தில் மாமியாரின் ஆறுதலை நம்பிக் காத்திருக்காதீர்கள். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் குடு" என்று இரண்டு சொல் சேர வேண்டும். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள்; கூப்பிட்டால் திரும்புகிறானே என்று விட்டுவிட வேண்டாம், லேசான குறைபாடு வீட்டில் தெரியாது. 2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். அதுவரை பொறுக்காமல், மாவட்டத் தலைநகரில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு நேரே போங்கள். பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் இலவசம். செல்போனை அவன் கையில் கொடுத்திருந்தால் இன்றே வாங்கிவிடுங்கள். மாமியாரிடம் ஒரு வேலை கொடுங்கள்: தினமும் கதை சொல்லட்டும், நடுவில் நிறுத்தி அவன் பதிலுக்காகக் காத்திருக்கட்டும்.