பாலையில் ஒரு துறவி

எகிப்து நாட்டில் நைல் ஆற்றங்கரை வயல்களைக் கடந்தால் பாலைவனம் தொடங்கிவிடும். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு, அந்தோணியார் என்னும் இளைஞர் தம் நிலங்களைப் பிறர்க்கு அளித்துவிட்டு, இறைவனைத் தியானிக்கத் தனிமையை நாடினார். ‘வனத்து அந்தோணியார்’ எனத் தமிழ்க் கிறித்தவர் வழங்குவது இவரையே. பாலையில் பாழடைந்த கோட்டை ஒன்றில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனித்து வாழ்ந்தார். ஆண்டுக்கு இருமுறை நண்பர்கள் மேலிருந்து ரொட்டிகளை இறக்கிக் கொடுத்தனர்.

தனிமை எளிதன்று. பேச ஆளில்லாத இடத்தில் மனம் ஓயாமல் பேசும். ஒருநாள் தியானத்தில் மனம் நிலைகொள்ளாமல் அவர் சோர்ந்திருந்தார். அப்போது தம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்து கயிறு திரிப்பதையும், பின் எழுந்து வழிபடுவதையும், மீண்டும் அமர்ந்து கயிறு திரிப்பதையும் கண்டாராம். அவரும் அவ்வாறே செய்தார்; கைக்கு வேலை கிடைத்ததும் மனம் தேறியது.

பிற்காலத்தில், செங்கடலை அடுத்த மலையடியில் தமக்கு வேண்டிய தானியத்தைத் தாமே விதைத்தார். தம்மைத் தேடிக் களைத்து வருவோர்க்காகக் காய்கறியும் பயிரிட்டார். அம்மலையடியில் அவர் பெயரால் துறவியர் மடம் ஒன்று இன்றும் உள்ளது.

அருஞ்சொற்பொருள்: நாடினார் – விரும்பிச் சென்றார், திரித்தல் – முறுக்குதல்.

வினா: அந்தோணியார் காய்கறி பயிரிட்டது யாருக்காக?