உறங்கி உழைக்கும் உணரிகள்

அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் கிரேட் டக் என்னும் சிறு தீவு உள்ளது. அங்கே லீச் பெட்ரல் என்னும் கடற்பறவைகள் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. அடைகாக்கத் தொடங்கிய முதல் இரு வாரங்களில் மனிதர் குறுக்கிட்டால், இப்பறவைகள் வளையையே கைவிட்டுச் செல்லக்கூடும். வளையின் வெப்பத்தையும் ஈரத்தையும் அறிய வேண்டும். பறவையை அணுகவும் கூடாது. என் செய்வது?

2002ஆம் ஆண்டு பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறரும் இணைந்து ஒரு வழி கண்டனர். 32 சிறு உணரிகளைத் தீவில் அமைத்தனர். அவை தாம் அளந்தவற்றை வானொலி அலைகளால் அனுப்பின. இத்தகைய அமைப்பே கம்பியில்லா உணரி வலையமைப்பு எனப்படும்.

ஒவ்வோர் உணரியும் இரண்டு சிறு மின்கலங்களால் இயங்கியது. அவற்றை மாற்றச் சென்றால் பறவை அஞ்சும். உணரி எந்நேரமும் விழித்திருந்தாலோ, மின்கலம் சில நாள்களிலேயே தீர்ந்துவிடும். ஆகவே உணரிகள் பெரும்பாலும் உறங்கின. குறித்த நேரத்தில் விழித்து, அளந்து, செய்தி அனுப்பி, மீண்டும் உறங்கின.

உணரிகளைத் தொலைவில் வைத்தால் இடையே கண்காணிக்கப்படாத வெளி தோன்றும். நெருக்கி வைத்தால் ஓரிடத்தையே பல உணரிகள் காணும். அப்போது இரவுக் காவலர் முறைவைத்து விழித்திருப்பதுபோல, ஒன்று விழிக்க மற்றொன்று உறங்கலாம். பரப்பும் குறையாது, ஆயுளும் நீளும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொலைவிலுள்ள உணரிகளின் செய்தியை அருகிலுள்ளவை வாங்கி நிலையத்திற்குக் கடத்தும் அமைப்பில், நிலையத்தை அடுத்த உணரிகளே மிகுதியாக உழைத்து முதலில் ஓய்ந்துபோகும். பிறகு தொலைவிலுள்ளவை இயங்கினாலும் அவற்றின் செய்தி வந்து சேராது. எனவே நிலையத்தின் அருகே கூடுதல் உணரிகளை அமைத்துச் சுமையைப் பகிர்ந்தளிப்பர்.

சொற்பொருள்
உணரி – வெப்பம், ஈரம் முதலியவற்றை அறியும் கருவி
வளை – மண்ணுக்குள் உள்ள பொந்து
பரப்பு – கண்காணிக்கப்படும் இடத்தின் அளவு

பயிற்சி
1. பிரித்து எழுதுக: கடற்பறவை, விழித்திருந்தால்.
2. மின்கலத்தை அடிக்கடி மாற்ற இயலாதது ஏன்?
3. ஓரிடத்தையே காணும் இரண்டு உணரிகள், ஒவ்வொன்றும் 30 நாள் விழித்திருக்க வல்லவை. இரண்டும் ஒருங்கே விழித்திருந்தால் எத்தனை நாள் காவல் கிடைக்கும்? முறைவைத்து விழித்தால் எத்தனை நாள்? உறக்கத்தில் மின்சாரம் செலவாகாது எனக் கொள்க.
4. நிலையத்தை அடுத்த உணரிகள் ஓய்ந்தால் விளைவது யாது? இரண்டு வாக்கியங்களில் எழுதுக.