ஒரு சொல், மூன்று பனி

தூத்துக்குடிப் பனிமய மாதாவின் பெயரைக் கேட்கும் பிள்ளைகள், "வெயில் காயும் ஊரில் பனி ஏது?" என்று வினவுவதுண்டு.

தமிழில் நாம் பனி என்று ஒரே சொல்லால் குறிப்பதற்கு இலத்தீனில் மூன்று சொற்கள் உண்டு. விடியற்காலையில் புல்லின்மேல் நிற்கும் நீர்த்துளி 'ரோஸ்'. கடுங்குளிரில் தரைமேல் வெண்மையாய்ப் படிவது 'புருய்னா'. வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுவது 'நிக்ஸ்'. இத்தாலியர் இதனை 'நேவே' என்பர்.

மாதாவின் இலத்தீன் பெயரில் உள்ளது 'நிக்ஸ்' என்பதே. கடுங்கோடையாகிய ஆகஸ்டு மாதத்தில் உரோமாபுரியின் எஸ்குயிலின் குன்றின்மேல் உறைபனி பெய்தது என்பது பழைய மரபு. நம் மார்கழிப் பனியை எண்ணிக்கொண்டால் அந்தப் புதுமை விளங்காது.

பெற்றோரே, ஆகஸ்டு 5-ஆம் நாள் திருநாளுக்கு முன் இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.