பிள்ளைக்குப் பெயரா, பட்டமா?

ஜெயங்கொண்டத்தில் ஒரு வீடு. தலைப்பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கணவருக்குச் சரித்திர நூல்களில் மோகம். போதாக்குறைக்குத் துருக்கித் தொடர் ஒன்றையும் இரவு இரவாகச் செல்போனில் பார்த்து முடித்திருக்கிறார். ஆண் பிள்ளையானால் எர்துக்ருல், இல்லையேல் தைமூர், அதுவும் ஆகாதென்றால் ஷாஹின்ஷா என்று மூன்று பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்.

"என்னங்க, எங்க நன்னிமாவுக்கு இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வாய் வருமா? எங்க அத்தா பேரு இப்ராஹீம். அதுக்கு என்ன குறை?" என்று மனைவி கேட்டார். "தெருவுக்கு நாலு இப்ராஹீம் இருக்கே" என்றார் கணவர். பேச்சு தடித்து, பிரசவத்திற்குத் தாய் வீடு சென்ற மனைவி இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வழக்கு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போயிருக்கிறது. பல வீடுகளிலும் இப்போது இதே பேச்சாக இருப்பதால், இது பற்றி மார்க்கம் சொல்வதைப் பார்ப்போம்.

புதிய பெயர் என்பது ஒரு குற்றமன்று. ஜகரிய்யா (அலை) அவர்களுக்குப் பிறக்கவிருந்த மகனுக்கு யஹ்யா எனப் பெயர் சூட்டிய அல்லாஹு தஆலா, அதற்கு முன் அப்பெயரை எவருக்கும் ஆக்கியதில்லை என்று மர்யம் சூராவில் (19:7) எடுத்துச் சொல்கிறான். பழைய பெயர் என்பதும் குறையன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் அருமை மகனுக்குத் தம் மூதாதையான இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரையே சூட்டினார்கள். நஜ்ரான் வாசிகள் முகீரா (ரலி) அவர்களிடம், "ஈஸாவின் தாயாரை ஹாரூனின் சகோதரி என்று ஓதுகிறீர்களே, ஹாரூன் எக்காலம், அவர் எக்காலம்?" என்ற கருத்தில் கேட்டு மடக்கினர். முகீரா திரும்பி வந்து விசாரித்தபோது, முன்னோர்கள் தமக்கு முன் சென்ற நபிமார்கள், நல்லோர்களின் பெயர்களைத் தம் பிள்ளைகளுக்கு இடுவது வழக்கம் என்று பெருமானார் (ஸல்) விளக்கினார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் காணப்படும் ஹதீஸ் இது. ஆகவே 'புதுசு', 'பழசு' என்ற சண்டையில் இரு தரப்பிற்கும் வெற்றியில்லை.

பார்க்க வேண்டியது பொருளை. உமர் (ரலி) அவர்களின் மகளார் ஒருவருக்கு, 'மாறு செய்பவள்' என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயர் இருந்தது. அதை ஜமீலா என்று நாயகம் (ஸல்) மாற்றினார்கள். (ஃபிர்அவ்னின் மனைவியாரான ஆசியா அம்மையாரின் பெயர் வேறு. அரபியில் எழுத்துக்களே வேறு; தமிழில் எழுதும்போதுதான் ஒன்றுபோல் தோன்றுகிறது. அப்பெயருடைய சகோதரிகள் கலங்க வேண்டாம்.) ஸயீத் இப்னுல் முஸய்யப் அவர்களின் பாட்டனார் பெயர் ஹஜ்ன், கரடுமுரடான நிலம் என்று பொருள். நீர் ஸஹ்ல், அதாவது இலகுவானவர், என்று நாயகம் (ஸல்) மாற்றப் பார்த்தார்கள். என் தகப்பனார் இட்ட பெயரை மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்து விட்டார். அதன் பின் எங்கள் குடும்பத்தை விட்டு அந்தக் கடுமை நீங்கவேயில்லை என்று பேரர் சொன்னதை புகாரியில் காண்கிறோம். பேரரோ மதீனாவின் தலைசிறந்த தாபியீன்களில் ஒருவர்!

இனி அந்த மூன்று பெயர்கள். ஷாஹின்ஷாவை உடனே அடித்து விட வேண்டியதுதான். அரசர்களுக்கெல்லாம் அரசன் என்று ஒருவன் பெயர் வைத்துக் கொள்வது அல்லாஹ்விடத்தில் மிக இழிவான பெயர் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் கூறுகிறது. பாரசீகத்தில் 'ஷாஹான் ஷா' என்பது இதுவே என்று ஸுஃப்யான் அவர்கள் விளக்கமும் தந்திருக்கிறார்கள்.

இங்கே சரித்திரப் பிரியர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று. ஜஹாங்கீர், 'உலகைப் பிடித்தவர்', என்பது 1605-இல் அரியணை ஏறியபோது அவர் தாமே சூடிக் கொண்ட பட்டம். 1569-இல் பிறந்த அவருக்கு ஷைகு ஸலீம் சிஷ்தி அவர்களின் நினைவாக இடப்பட்ட பெயர் ஸலீம். தந்தை அக்பர் செல்லமாக அழைத்ததோ 'ஷைகு பாபா'. ஷாஜஹானின் பெயர் குர்ரம். மகிழ்ச்சியானவர் என்று பொருள். நூர்ஜஹானுக்குப் பெற்றோர் இட்டது மிஹ்ருன்னிஸா. சுல்தான் ஸலாஹுத்தீனின் பெயரும் யூசுஃப்தான். தூரம் போவானேன்? பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய இராஜேந்திரனின் தந்தை இராஜராஜன். அதுவும் 'அரசர்க்கரசன்' என்ற பட்டமே. அவர் பிள்ளைப் பருவத்துப் பெயர் அருள்மொழி. ஜெயங்கொண்டம் என்ற ஊர்ப் பெயரிலும் சோழரின் வெற்றிப் பட்டம் ஒலிக்கிறது. ஊருக்குப் பொருந்தும், தொட்டிலில் கிடக்கும் குழந்தை எந்த நாட்டை வென்றது?

தைமூர் என்றால் இரும்பு. பொருளில் பிழையில்லை, கல், சிங்கம் என்று பொருள்படும் பெயர்கள் ஸஹாபாக்களிடமும் இருந்தன. இந்தி நடிகர் சைஃப் அலி கான் - கரீனா கபூர் தம்பதியர் 2016 டிசம்பரில் தம் மகனுக்கு இப்பெயரை வைத்தபோது நாடெங்கும் ஏச்சும் பேச்சும் கிளம்பின. பிறந்த குழந்தையை ஏசியது அநியாயம். ஆயினும் தைமூர் 1398-இல் டில்லியில் செய்த கொலைகள் மறக்கக் கூடியவையல்ல. 1401-இல் டமாஸ்கஸிலும் பக்தாதிலும் மடிந்தவர்கள் கலிமாச் சொன்னவர்களே. ஹராம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளை ஆயுள் முழுதும் எதற்காக இவருக்கு வக்காலத்து வாங்க வேண்டும்?

எர்துக்ருல், உதுமானியப் பேரரசுக்கு வித்திட்ட உதுமானின் தந்தை. அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது சொற்பம். தொடரில் வருவது பெரும்பாலும் கற்பனை. பெயர் ஆகுமானதே. ஆனால் நம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதை ஒரே வாரத்தில் 'எருது' ஆக்கி விடுவார்களே! பட்டப்பெயரிட்டு அழைக்காதீர்கள் என்று ஹுஜுராத் சூராவில் (49:11) தடை இருக்க, அதற்குப் பெற்றோரே வழி செய்யலாமா? அப்துர் ரஹ்மான் என்று அழகாக வைத்து, 'அப்து'வை விட்டு விட்டு 'ரஹ்மான்' என்றே கூப்பிடும் வழக்கத்தையும் நாம் நிறுத்தியாக வேண்டும்.

கருத்து வேறுபட்டால் யார் சொல் செல்லும்? பெயரிடும் உரிமை தந்தைக்கே என்று இப்னுல் கய்யிம் எழுதியிருக்கிறார்கள். கணவர்மார் இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக் கொள்வதுண்டு. 'இவளுக்கு மர்யம் எனப் பெயரிட்டேன்' என்ற கருத்தில் ஒரு தாய் உரைத்ததையும் குர்ஆன் (3:36) கூறுகிறதல்லவா? பால்குடி மறக்கடிப்பதைக் கூட இருவரும் கலந்து பேசி, மனமொப்பிச் செய்யலாம் என்கிறது பகரா சூரா (2:233). ஆயுளுக்கும் நிற்கும் பெயருக்கு அது வேண்டாமா?

அவசரமும் இல்லை. ஏழாம் நாள் அகீகாவுடன் பெயரிடுவது ஸுன்னத். சர்க்காரில் பிறப்பை 21 நாளில் பதிந்து விட்டால், பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

கணவரை அழைத்துப் பேசிய ஹஜ்ரத், ஸலீம் என்ற பெயரை எடுத்துச் சொன்னார்களாம்: சரித்திரமும் உண்டு, நன்னிமாவுக்கும் வாய் வரும். மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று கணவர் மாமியார் வீட்டிற்குப் பஸ் ஏறியிருக்கிறார். பெண் பிள்ளையானால் என்ன பெயர் என்று அங்கே நன்னிமா கேட்டாராம். அதற்கு அவரிடம் பட்டியல் ஏதும் இல்லை.