சிற்றூர் நீதிபதி காங்கிரஸ் உறுப்பினரான கதை



அமெரிக்கக் காங்கிரசில் வாக்குரிமையுள்ள உறுப்பினரான முதல் ஆசியர் தலிப் சிங் சௌந்த். அவர் வாழ்க்கையை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1899இல் பஞ்சாபில் பிறந்தவர். 1920இல் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1924இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் பிழைப்புக்குச் செய்தது விவசாயமே. இந்தியர் குடியுரிமை பெற முடியாது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அவரும் மற்ற இந்தியர்களும் ஒன்றுகூடிப் பாடுபட்டார்கள். 1946இல் சட்டம் மாறியது. 1949இல் அவர் குடிமகனானார்.

1950இல் வெஸ்ட்மோர்லண்ட் என்ற சிற்றூரில் நீதிபதித் தேர்தலில் வென்றார். குடியுரிமை பெற்று ஓராண்டு நிரம்பவில்லை என்று பதவி மறுக்கப்பட்டது. மனந்தளராமல் 1952இல் மீண்டும் நின்று வென்றார். 1956இல் காங்கிரசுக்குத் தேர்வானார். மொத்தம் மும்முறை வென்றார்.

நாம் கற்பது என்ன? குடியுரிமைப் பத்திரத்தை அலமாரியில் பூட்டி வைத்தால் போதாது. வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிவோம். நகரசபைக் கூட்டங்களுக்கும் போவோம். கோயில் கட்ட அனுமதி போன்றவை அங்கேதான் முடிவாகின்றன.

பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: நம் வட்டார நகரசபை உறுப்பினர் யார்? விடையை ஞாயிறு வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.